கொறற்றியின் துண்டு

இந்தக் காலத்து ஆட்களுக்கு வாய் இனிப்பு, கை களவு. ஆஸ்பத்திரியில் ஒரு கைநாட்டை வாங்கிக்கொண்டு, மனைவியின் கழுத்துக் கட்டியிலிருந்து வெட்டிய சதையை ஆராய்ச்சிக்கு அனுப்பிவிட்டார்கள். செபஸ்தியனிடம் ஒரு வார்த்தை சொன்னவரில்லை. இப்போது அந்த மனைவி, மரிய கொறற்றி, வீட்டில் சவப்பெட்டிக்குள் கிடக்கிறாள். பின்னேரம் வஹகோட்டைக் கோயில் கல்லறையில் அடக்கம். தேயிலைக் கொழுந்து அரைக்கும் றோலரில் தம்பிக்குத் துண்டாகிப் போன விரலைக்கூடத் துணியில் சுற்றிக் கல்லறை மண்ணில் வைத்த குடும்பம் அவருடையது. அவளைக் குறையோடு புதைத்தால் கடைசித் தீர்வை நாளில் எப்படி எழும்புவாள்? துண்டைக் கேட்டு வாங்கத்தான், செக் பொயின்ட்டெல்லாம் தாண்டி மாத்தளை ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்திருந்தார்.

ஜன்னலில்லாத அந்த அறையில் ஏசிக் குளிரும் மருந்து நெடியும். அதற்கடியில், கொறற்றி கழுத்தில் பூசும் தைலத்தின் வாசம்.

"கொஞ்சம் பொறுங்க ஐயா, இதுதான் கடைசிப் படம். முடிஞ்சதும் கண்ணாடித்தட்டோட தர்றேன்," என்றாள் ஆராய்ச்சி செய்யும் றமீஸா, மைக்ரோஸ்கோப்போடு பொருத்திய திரையைப் பார்த்தபடி.

"வெட்டி வெட்டிப் பாக்குறீங்களோ?"

"வெட்டுறதில்ல. லேசர் வெளிச்சம் ஆழ ஆழ இறங்கும், ஏடு ஏடா படம் வரும். பச்சையாத் தெரியிறது நாங்க போட்ட சாயம்."

"உசிர் இருக்கா?"

"மருந்தில ஊறிக் கிடந்தது ஐயா. சத்தியமாச் செத்தது."

"சத்தியம் பண்றவங்கள நெறையப் பாத்துட்டேன் மிஸ்."

இருட்டுக்குள் லேசர்ப் பெட்டியின் விசிறி முனகிக்கொண்டிருக்க, திரையில் மேலிருந்து கீழாக வரி வரியாய் ஊறி வந்த பச்சைப் புள்ளிகள், குளத்தோரத்துத் தவளை முட்டைகளைப்போல ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஏட்டிலும் இன்னும் கொஞ்சம் ஆழத்திலிருந்து மேலே ஏறி வருவதுபோல அவருக்குத் தோன்றியது. கால் மரத்தது. வலப்பக்கம் நகர்ந்து நின்றார்.

புள்ளிகளும் வலப்பக்கம் சாய்ந்தன.

இடப்பக்கம் வந்தார். அவையும்.

"மிஸ்."

"மேசை ஆடியிருக்கும்." அவள் பொத்தானை அழுத்தினாள். "லேசர நிப்பாட்டிட்டேன்."

விசிறி நின்றது. படம் நிற்கவில்லை. இன்னொரு ஏடு. அதற்கடியில் இன்னொன்று.

றமீஸாவின் விரல் பொத்தானிலேயே இருந்தது. "எடுத்துட்டுப் போங்க ஐயா," என்றாள், திரும்பாமல்.

அவர் கை நீளவில்லை. உயிரோடு இருப்பதை எப்படி மண்ணில் வைப்பது?

"செத்ததுங்கிறீங்க."

"செத்ததுதான்."

திரையைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து கதவைத் தொட்டார். புள்ளிகள் அத்தனையும் கதவுப் பக்கத்து ஓரத்தில் குவிந்தன. நெருக்கின. திரையின் கண்ணாடி உள்ளிருந்து மெல்லப் புடைத்தது.

செத்ததாம்.

வெறுங்கையோடு நடந்தார்.