எக்கோ அறையில் இன்னொரு கை

புது மெஷின் வந்து இறங்கிய அன்று எங்களுக்கு வேலையே ஓடவில்லை. பழைய மெஷின் எங்கள் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே செய்யப்பட்டது. இதயத்தைக் காட்டு என்றால் பனிமூட்டத்தைக் காட்டும். புதியதைப் பெட்டியிலிருந்து பிரித்து நிறுத்தியதும் நானும் ஊசியும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தோம். ஊசி என்பவள் என்னோடு சேர்ந்து நோயாளிகளின் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கிறவள். ஆள் ஒல்லி, வேலை ஆஸ்பத்திரியில். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

எங்கள் அறை பழைய கட்டடத்தின் கோடியில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. திரை தெளிவாகத் தெரிய வேண்டுமே என்று பட்டப்பகலிலும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் வேலை செய்வோம். ஜெல்லும் டெட்டாலும் கலந்த ஒரு ஈர வாடை எப்போதும் இருக்கும். நோயாளி இடது பக்கமாக ஒருக்களித்து, சுவரைப் பார்த்துப் படுக்க வேண்டும். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, கையை மேலாக வளைத்துக் கொண்டுபோய், ஜெல் தடவிய ப்ரோப் என்கிற கைக்கருவியை நெஞ்சில் வைத்து அழுத்துவோம். படம் தெளிவாக விழ வேண்டும் என்றால், காதருகே குனிந்து மூச்சை இழுத்து அடக்கச் சொல்வோம். படுத்திருப்பவருக்கு எங்கள் முகம் தெரியாது, கை மட்டும்தான் தெரியும். இத்தனை வருஷத்தில் இதை நான் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

"யாராவது ஒருத்தர் படுங்க மேடம், செட்டிங் பண்ணிக் காட்டுறேன்" என்றார் மெஷின் கொண்டுவந்த கம்பெனிக்காரர். புது மெஷின் வந்தால் எங்களில் ஒருவர் படுப்பதுதான் வழக்கம். ஊசி படுத்தால் விலா எலும்புதான் தெரியும் என்று கேலி செய்துவிட்டு நானே கவுனை மாற்றிக்கொண்டேன். ஏதோ ஒயரை வண்டியிலேயே விட்டுவிட்டதாகச் சொல்லி அவர் வெளியே போனார். வழி காட்ட ஊசியும் கூடப் போனாள். நான் விளக்கை அணைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தேன்.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் மட்டும் லேசாகக் கிறீச்சிட்டது.

அக்குளுக்குக் கீழே ஒரு கை வந்தது. ஜெல்லின் குளிர்ச்சியில் உடம்பு தூக்கிப்போட்டது.

"ஏய், அந்த ஜெல்லைக் கொஞ்சம் சூடு பண்ணிக்கிட்டு வரக் கூடாதாடி?"

வேலையில் மூழ்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். கை நிதானமாக நகர்ந்தது. தடுமாற்றமே இல்லாத கை. எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்தது, எவ்வளவு அழுத்த வேண்டுமோ அவ்வளவே அழுத்தியது. இவள் எப்போது இவ்வளவு தேறினாள் என்று ஆச்சரியமாக இருந்தது.

அப்புறம் அந்தச் சத்தம் கேட்டது. வால்வு வழியாக ரத்தம் பாய்வதை மெஷின் சத்தமாகக் கேட்க வைக்கும். நல்ல வால்வு என்றால் வாசல் பெருக்குகிற மாதிரி மெத்தென்று இருக்கும். இது கரகரவென்று, மரம் அறுக்கிற மாதிரி கேட்டது. அடைத்துப்போன வால்வின் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

"ஊசி... யாரோட ரெக்கார்டிங்கைப் போட்டிருக்க?"

அந்தக் கை என் தோளைப் பிடித்து வலது பக்கமாக இழுத்தது. நான் திரும்பினேன்.

ஸ்டூலில் யாரும் இல்லை.

ப்ரோப் அதன் கொக்கியில் மாட்டியபடி இருந்தது. சும்மா மாட்டியிருக்கிற ப்ரோப் எதையும் காட்டாது. ஆனால் திரையில் ஒரு இதயம் துடித்துக்கொண்டிருந்தது. அதன் வால்வு தடித்துப்போய், திறக்க முடியாமல் திணறியது. என் மூச்சு வேகமாக ஆக ஆக, அதுவும் வேகமாகத் துடித்தது. கதவைத் திறந்துகொண்டு ஊசியும் கம்பெனிக்காரரும் உள்ளே வந்ததும் திரை கறுத்துப்போனது.

"என்னக்கா, அதுக்குள்ள ஜெல்லெல்லாம் தடவிக்கிட்டீங்க?" என்றாள் ஊசி.

நடந்ததைச் சொன்னால் மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிவிடுவார்கள். படபடப்பாக இருக்கிறது என்று மட்டும் டாக்டரிடம் சொன்னேன். அவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். புருவம் சுருங்கியது. ஊசியே எக்கோ எடுத்தாள். வால்வில் அடைப்பு இருந்தது. ஆனால் அளவு நடுத்தரம் என்று வந்தது. "ஆபரேஷன்னு எப்பவாவது ஒரு நாள் வரும். இப்ப அவசரம் இல்ல. ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம்" என்றார் டாக்டர்.

எனக்கு அந்த ஆறு மாசம் போதும் என்று இருந்தது. நெஞ்செலும்பை நடுவில் பிளப்பார்கள், இதயத்தை நிறுத்திவைப்பார்கள், வால்வை வெட்டி எடுத்துவிட்டு வேறொன்றைத் தைப்பார்கள். இதையெல்லாம் எத்தனையோ பேருக்கு நான் சிரித்த முகமாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கே என்றதும் அந்தச் சிரிப்பு வரவில்லை. பயம்தான், வேறென்ன. வீட்டில் என்னோடு இருக்கிற தங்கச்சியிடம்கூட மூச்சு விடவில்லை. இருட்டில் கண்டதையும் மறந்துவிட முடிவு செய்தேன்.

மறக்க அது விடவில்லை.

அடுத்த விடுமுறை நாளில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் கண்ணயர்ந்தேன். தங்கச்சி வெளியே போயிருந்தாள். விழிப்பு தட்டியபோது இடது பக்கமாகப் படுத்திருந்தேன், முகம் சுவரைப் பார்த்து. தோளில் ஒரு கை இருந்தது. வலது பக்கம் திரும்பச் சொல்லி மெதுவாக இழுத்தது.

நான் திரும்பவில்லை. தலையணையைக் கடித்துக்கொண்டு அப்படியே கிடந்தேன்.

இழுப்பு நின்ற பிறகு எழுந்து ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். நெஞ்சுப் பக்கம் ஈரமாக, பிசுபிசுவென்று இருந்தது. எங்கள் வீட்டில் ஏது ஜெல்?

அதற்குப் பிறகு சுவரைப் பார்த்துப் படுக்கவே நடுங்கினேன். உட்கார்ந்தபடியே தூங்கினேன். "என்னக்கா, பஸ்ஸுல போற மாதிரி தூங்குற?" என்று தங்கச்சி கேட்டாள். முதுகுவலி என்று ஒரு பொய்யை எடுத்து விட்டேன்.

ஒரு நாள் லாரி ஓட்டுகிற ஒருவருக்கு எக்கோ எடுத்துக்கொண்டிருந்தேன். ஆள் மலை மாதிரி. சுவரைப் பார்த்தபடியே முனகினார்.

"ஏம்மா, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அமுக்காதீங்க. வலிக்குது."

"நான் ஒருத்திதான் இருக்கேன் அண்ணே."

அவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார்.

"அப்ப இந்தக் கை யாரோடது?"

என் கண்ணுக்கு என் கை மட்டும்தான் தெரிந்தது. ஆனால் அதன் மேல் இன்னொரு கையின் கனம் இருந்தது. அந்தக் கனம் என் மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, மெல்ல மேலே ஏறியது. தோளுக்கு வந்து நின்றது.

வலது பக்கமாக இழுத்தது.

ப்ரோபைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். பாதி மாடிப்படியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது படியில் கிடந்தேன், ஊசி என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் படியில் கிடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அடைப்பின் உண்மையான அளவு சிலருக்கு இடது பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கிடைக்காது. வலது பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, வலது விலா இடுக்கில் ப்ரோபை வைத்துப் பார்க்க வேண்டும். நாங்கள் எல்லோரும் படித்ததுதான். வெளியே வரிசை கட்டி ஆள் நிற்கும்போது யாரும் அதைச் செய்வதில்லை. எனக்கும் செய்யவில்லை.

"ஊசி, என்னை வலது பக்கம் படுக்கவெச்சு ஒரு தடவை பாரு."

"முதல்ல டாக்டரைக் கூப்பிடறேன்க்கா."

"பாருடி, சொல்றேன்ல!"

எக்கோ அறைக் கட்டிலில் வலது பக்கம் திரும்பினால் ஸ்டூலைப் பார்த்துத்தான் படுக்க வேண்டும். ஊசியின் முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். அவள் ப்ரோபை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நகர்த்தினாள். லேசாகச் சத்தம் வந்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் பார்வை கீழே இறங்கி, தன் கையின் மேல் நின்றது. முகத்தில் ரத்தம் வற்றியது.

"அக்கா..."

"எடுக்காதே."

"என் கைய யாரோ புடிச்சிருக்காங்கக்கா."

"எடுக்காதேடி!"

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ப்ரோப் விரல் அகலம் நகர்ந்து, சாய்ந்து, நின்றது. அறை முழுக்க மரம் அறுக்கும் சத்தம் எழுந்தது.

அடைப்பு முற்றிப்போனதைக் காட்டிய அந்த அளவைப் பார்த்துவிட்டு, டாக்டர் என்னை வீட்டுக்கே அனுப்பவில்லை. அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. விஷயம் தெரிந்து தங்கச்சி ஆஸ்பத்திரி என்றும் பாராமல் என்னைத் திட்டித் தீர்த்தாள். பிறகு என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். சாகப் பயமாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன்.

பிழைத்துக்கொண்டேன். நன்றி சொல்ல வேண்டியது யாருக்கு என்பதுதான் தெரியவில்லை. இன்னொரு நினைப்பும் அரித்துக்கொண்டே இருந்தது. அந்தக் கை படுவதற்கு முந்தின நாள்வரை நான் படியேறி மூச்சு வாங்கியதில்லை. அது நோயைக் கண்டுபிடித்ததா, கொண்டுவந்து வைத்ததா?

வீட்டுக்கு அனுப்பும்போது சர்ஜன் சொன்னார்: "உங்களுக்குப் பிறவியிலேயே வால்வுல மூணு இதழுக்குப் பதிலா ரெண்டுதான் இருந்திருக்கு. இது குடும்பத்துல வரலாம். தங்கச்சிக்கும் ஒரு எக்கோ எடுத்துடுங்க."

தங்கச்சி நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள். கேட்டதும் சிரித்தாள். "எனக்கா? தண்ணிக்குள்ள தம் கட்டுறதுல என்னை ஜெயிக்க ஆளே கிடையாது. போக்கா, நீ முதல்ல ஒழுங்கா நட." நான் கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். அவள் பிடிகொடுக்கவில்லை.

நேற்று மத்தியானம் நான் குளித்துவிட்டு, தையல் வலிக்காமல் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி அறைக்கு வந்தேன். வெயிலுக்காகத் திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்ததால் உள்ளே ஒரே இருட்டு. தங்கச்சி என் கட்டிலில் படுத்திருந்தாள், முகம் சுவரைப் பார்த்து.

அவள் முதுகு அசையவே இல்லை.

பார்த்துக்கொண்டே நின்றேன். மூச்சு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கூப்பிட வாயைத் திறந்தேன்.

'புஸ்' என்று ஒரு பெருமூச்சு வந்தது.

"போதுமாக்கா?" என்றாள், திரும்பாமலே. "எவ்வளவு நேரம்தான் மூச்சை அடக்கச் சொல்லுவ?"

"நான் இங்க கதவுகிட்ட நிக்கிறேன்டி."

"விளையாடாத. காதுகிட்ட வந்து சொல்லிட்டு..." என்று சிரித்தவள் பாதியில் நிறுத்தினாள். யார் சொல்வதையோ கவனமாகக் கேட்கிறவள் போலத் தலையைச் சாய்த்தாள்.

"மறுபடியுமா?" என்று சலித்துக்கொண்டே, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடக்கினாள்.