ஒரு முழம் புதுப் பெயிண்ட்

கணவன் அலுவலகம் கிளம்பிய பிறகுதான் அவள் பிளம்பரை வரச் சொல்லியிருந்தாள். கல்யாணமாகி ஆறு மாதமாகக் குளியலறையை மாற்றலாம் என்று வாயெடுத்தாலே, நல்லாத்தானே இருக்கு என்று அவன் பேச்சை வெட்டிவிடுவான். உயரத்தில் ஒரு துருப்பிடித்த ஃப்ளஷ் டேங்க். அதிலிருந்து சுவரோரமாக இறங்கும் இரும்புக் குழாய். சங்கிலியை இழுத்தால் வீடே அதிரும். இதில் என்ன நன்றாயிருக்கிறதோ.

அந்த அறையில்தான் அவனுடைய முதல் மனைவி வழுக்கி விழுந்து இறந்தாள். விழுந்த நொடியே உயிர் போய்விட்டதாகச் சொல்லியிருந்தான்.

பிளம்பர் வாயாடி. டேங்கின் வயசு தன் வயசைவிட அதிகம் என்று சிரித்தபடியே மெயின் வால்வை அடைத்தார். குழாயைக் கழற்றி, ஹாலில் விரித்த சாக்கின்மேல் கிடத்தினார். பிறகு அவர் சிரிக்கவில்லை.

குழாய் முழுக்கப் பழைய பெயிண்ட். அடியில் ஒரு முழத்துக்கு மட்டும் புதுசு. நகத்தால் சுரண்டினார். பெயிண்ட் உரிந்த இடமெல்லாம் இரும்பில் சின்னச் சின்னக் கொத்தல்கள், நூற்றுக்கணக்கில்.

"தரையில கிடந்தபடியே யாரோ தட்டியிருக்காங்கம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "ரொம்ப நேரமா."

அவர் புதுக் குழாயை அளக்க உள்ளே போனார். ஹாலில் அவள் மட்டும். ஈர இரும்பின் வாடை.

டக்.

சாக்கின்மேல் கிடந்த குழாயிலிருந்துதான்.

டக். டக்.

பக்கத்தில் யாருமில்லை.

மதியம், பிளம்பர் உள்ளே வேலையாக இருக்கும்போதே, கணவன் சாப்பிட வந்தான். கேட்காமல் குளியலறையை ஏன் உடைத்தாய் என்று சத்தம் போடுவான் என எதிர்பார்த்தாள். அவன் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதை யாரு சுரண்டினது?"

முதல் மனைவி விழுந்த அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று அவள் கேட்டாள்.

"பக்கத்து ரூம்லதான் படுத்திருந்தேன். எந்தத் தட்டற சத்தமும் கேக்கலை."

தட்டியதைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

அவனும் அதை உணர்ந்துவிட்டான் என்பது முகத்தில் தெரிந்தது. கடைக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டு, கைப்பையோடு வாசலைத் தாண்டினாள். தெருமுனை வரை நடந்தாள், அதன்பின் ஓடினாள்.

அண்ணன் வீட்டில், நடந்ததைச் சொல்லி முடித்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. போலீஸுக்குப் போகலாம் என்று அண்ணன் சட்டையை மாட்டும்போது அவள் போன் அடித்தது. பிளம்பர்.

வேலை முடிந்துவிட்டதாம். பார்க்கக் குளியலறைக்குள் போன ஐயா கதவைச் சாத்தி ஒரு மணி நேரம் ஆகிறதாம். கூப்பிட்டால் பதில் இல்லையாம். ஆனால் பேச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறதாம்.

"ஐயா அழுறாருங்க. கூட ஒரு பொம்பளை மெதுவா பேசிக்கிட்டே இருக்காங்க," என்றார். "நீங்கதான் திரும்பி வந்துட்டீங்களோன்னு கேக்கத்தான் போன் பண்ணேன்."