இரைச்சல் நீக்கிய பாட்டு

காற்றில் இடமில்லை. கச்சேரிக்கு ஒலி பார்க்க வந்த ஆசீர் திரும்பத் திரும்ப அலைவரிசைகளைத் துழாவிப் பார்த்துவிட்டு அதே முடிவுக்குத்தான் வந்தான். நெல்லைப் பொருட்காட்சித் திடலில் இன்னும் பாதிக் கூட்டம்கூடச் சேரவில்லை. அதற்குள் வந்தவர்களின் கண்ணாடி, காதணி, கைக்கடிகாரம், பிள்ளைகளின் செருப்பு என்று எல்லாமே வானத்தோடு பேசிக்கொண்டிருந்தன. அந்தச் சந்தைக்கடைக்குள் ஒரு பாடகியின் கம்பியில்லா மைக் ஒதுங்கி நிற்க ஒரு மூலை கிடைப்பதாக இல்லை.

முன்பென்றால் ஒலிக்காரர்களுக்கு இந்நேரம் வேர்த்து விறுவிறுத்திருக்கும். இப்போது யாரும் அலட்டிக்கொள்வதில்லை. இட்டுநிரப்பி வந்துவிட்டது. பாடுகிறவர் கழுத்தில் பிளாஸ்திரிபோல ஒட்டியிருக்கும் ஒலியொட்டு மைக்கிலிருந்து கிளம்பும் குரல், நெரிசலில் அடிபட்டுத் துண்டும் துணுக்குமாகத்தான் ஒலிக்காரரின் மேசைக்கு வந்து சேரும். காணாமல் போனதை, அவர் இதுவரை பாடியதையெல்லாம் வைத்து ஊகித்து, அவர் குரலிலேயே தைத்துக் கொடுத்துவிடும் அந்தப் பெட்டி. தையல் வெளியே தெரியாது. கல்யாணத்தில் ஐயர் மந்திரத்தைப் பாதியில் விழுங்கினாலும் மண்டபத்தில் முழுதாகக் கேட்கிறது. தலைவர்கள் மேடையில் கண்ணயர்ந்தாலும் உரை நிற்பதில்லை. நாட்டில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களுக்கு அக்கறை கிடையாது.

பாடகி செண்பகவல்லி ஒலிச் சோதனைக்கு வந்து, எல்லா ஊரிலும் பாடுவதுபோலக் கப்பல் பாட்டின் முதல் வரியைப் பாடினாள். கல்யாண வீட்டுக் கேலிப் பாட்டு அது. அவளுக்குப் பேர் வாங்கித் தந்ததும் அதுதான். அவள் தொண்டையில் கட்டி வளர்ந்திருந்தது. வருகிற வாரம் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு பேச்சு வரலாம், பாட்டு வராது என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஆகவே இதுதான் கடைசிக் கச்சேரி. இதில் ஒரே ஒரு புதுப் பாட்டு பாடப்போகிறாள். போன ஆடியில் லாரி அடித்துச் செத்துப்போன அவள் மகன் இசக்கிக்காக அவளே கட்டிய பாட்டு.

ஒலிச் சோதனையில் புதுப் பாட்டையும் பாடவிடுவதுதான் ஒலிக்காரர்களின் வழக்கம். பெட்டிக்குப் பழக வேண்டுமல்லவா.

"அக்கா, அதையும் ரெண்டு வரி பாடிருங்க" என்றான் ஆசீர்.

"வேண்டாம் தம்பி. அத ஒரு தடவதான் என்னால பாட முடியும். அத வெறும் நாற்காலிக்கா பாடச் சொல்லுதீய?"

அதற்குமேல் வற்புறுத்த அவனுக்கு மனம் வரவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும்.

அந்திக்குள் திடல் நிரம்பி வழிந்தது. பழைய பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிக்கொண்டு போயின. பிறகு செண்பகவல்லி வாத்தியக்காரர்களைக் கையமர்த்திவிட்டு, அடுத்தது என் மகனுக்கு என்றாள். அவளுடைய வாயசைவு மேடைக்குப் பின்னாலிருந்த பெரிய திரையில் ஆசீருக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ஒலிபெருக்கி, அடுத்தது நீங்க ஆசையாக் கேட்ட பாட்டு என்றது. கூட்டம் விசிலடித்தது.

அவள் கண்ணை மூடிப் பாடத் தொடங்கினாள். வாத்தியக்காரர்கள் சும்மா இருக்க, திடலில் கப்பல் பாட்டு எழுந்தது, பெட்டியே சேர்த்த மேளதாளம் உட்பட.

பெட்டியைக் குற்றம் சொல்லவும் முடியாது. தனக்குப் பழக்கமில்லாதது எதுவோ அதெல்லாம் இரைச்சல் என்றுதான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆசீர் அலைவரிசையை மாற்றினான். அலை வாங்கும் உணர்கொம்பை வேறு பக்கம் திருப்பினான். கடைசியில் துணிந்து இட்டுநிரப்பியையே அணைத்தான். அவ்வளவுதான், எண்ணெய்ச் சட்டியில் ஈரம் விழுந்ததுபோலத் திடல் முழுக்கச் சடசடத்தது. அதற்குள் எங்கேயோ அவளுடைய குரல் ஒரு சொல்லின் முனையாக எட்டிப்பார்த்து அமுங்கியது. ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்கள். விழாக் கமிட்டித் தலைவர் பாய்ந்துவந்து பொத்தானை அவரே போட்டுவிட்டார். கப்பல் மறுபடி மிதந்தது.

கம்பி மைக் என்று ஒன்று இருந்திருந்தால் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான். அதைச் செருகும் துளைகூட இப்போது எந்தப் பெட்டியிலும் இல்லை. செண்பகவல்லிக்கோ எதுவும் தெரியாது. அவள் காதுக்குள் இருந்த செவிமொட்டில் அவளுடைய சொந்தக் குரல் கழுத்திலிருந்து நேராகப் போய்க்கொண்டிருந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பிரிவு தாங்காமல் அழுகிறாள் என்று முன்வரிசைக்காரர்கள் நெகிழ்ந்துபோய்த் தாளம் போட்டார்கள்.

ஆசீர் மேடையோடு பேசும் மைக்கை எடுத்தான். "அக்கா, நிறுத்துங்க. ஒங்க பாட்டு யாருக்கும் கேக்கல."

அவள் கண்ணைத் திறந்து அவன் இருந்த திசையைப் பார்த்துச் சிரித்தாள். நன்றி சொல்வதுபோலத் தலையசைத்தாள். அவனுக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. விளங்கியபோது மைக்கைக் கீழே வைத்தான். அந்த மைக்கும் இட்டுநிரப்பி வழியாகத்தான் போகிறது. இத்தனை வருஷமாக எல்லாப் பாடகர்களுக்கும் அதில் அவன் சொல்லிவந்தது ஒன்றேதான்: நல்லா வருது, பாடுங்க.

பாட்டின் கடைசி அடிக்கு வந்ததும் செண்பகவல்லி, தேர்ந்த பாடகர்கள் செய்வதுபோல, கூட்டத்தின் மூச்சைக் கேட்க ஒரு செவிமொட்டைக் கழற்றினாள்.

அவள் வாய் அப்படியே நின்றது. பாட்டு நிற்கவில்லை. அவளுடைய குரலில், அவளுடைய குலுக்கலோடு, மாப்பிள்ளையைக் கேலி பண்ணிக்கொண்டே திடலைச் சுற்றிவந்தது. அவள் மேடையிலிருந்து ஆசீரைப் பார்த்தாள். அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

முன்வரிசையில் ஒரு சிறுமி நாற்காலிமேல் ஏறி நின்று, அடுத்த வரியை அவளுக்கு எடுத்துக்கொடுத்தாள். மறந்துவிட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும். செண்பகவல்லி அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு அந்த வரியை வாங்கிப் பாடினாள்.

உடனே பெட்டி தானாகப் பாடுவதை நிறுத்தியது. வந்து சேர்ந்த துணுக்கெல்லாம் அது எதிர்பார்த்தபடியே இருந்தன. மகனுக்கான பாட்டில் கேட்காமல் போன அவளுடைய நிஜக் குரல் மறுபடி திடலில் ஒலித்தது. வரிக்கு வரி அழுகையில் அது உடைந்தது. உடைந்த இடங்களை மட்டும் இட்டுநிரப்பி இரைச்சல் என்று எடுத்துப் போட்டுவிட்டுச் சுத்தமாகத் தைத்துக் கொடுத்தது.

பாட்டு முடிந்ததும் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதே பாட்டை இன்னொரு முறை பாடச் சொல்லிக் கேட்டார்கள்.