மச்சான் பிடித்த கயிறு

அந்த விளக்கு மட்டும் குழிக்குள் இறங்கியிருந்தால் இந்தக் கதைக்கு நாயகனே மிஞ்சியிருக்க மாட்டான்.

தேனிக்கு வெளியே, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், ஐப்பசித் தூறல் விழுந்துகொண்டிருந்த முற்பகல். பழைய தொட்டியை ஒட்டிப் புதிய கான்கிரீட் தொட்டி எழும்பிக்கொண்டிருந்தது. ஊர் பெருத்தால் ஊர்க் கழிவும் பெருக்கத்தானே செய்யும்? பெனிட்டா அங்கே மோட்டார் ரூமில் உதவியாள். செத்துப்போன அப்பா பங்கிராஸின் வேலை அவளுக்கு வந்திருந்தது. வாளியும் கையுமாக வெளியே வந்தவள், எவனோ ஒருவன் எரிகிற அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி, பழைய குழியின் வாய்க்குள் விடப்போவதைப் பார்த்தாள். யோசிக்கவே இல்லை... ஓடிப்போய் வாளித் தண்ணீரை அப்படியே ஊற்றினாள். விளக்கு அணைந்தது. குத்தவைத்திருந்தவனும் தொப்பலாக நனைந்தான்.

ஈரம் சொட்டும் இமைகளுக்கு நடுவே இரண்டு கண்கள் அவளை அண்ணாந்து பார்த்தன. கோபப்படத் தெரியாத கண்கள்... அதுதான் அவள் கோபத்தைக் கிளப்பியது.

“தீவாளிக்கு இன்னும் நாளிருக்கே... இப்பவே குளிப்பாட்டிட்டீகளே?”

“இது கெணறு இல்ல, சாக்கடைக் குழி. உள்ள இருக்கிற வாயு தீயக் கண்டா வெடிக்கும்.”

அவன் பெயர் மாரிசெல்வம். பக்கத்தில் தேவாரம் ஊர்க்காரன். வழிவழியாகக் கிணறு வெட்டும் குடும்பம். விளக்கை இறக்கிப் பார்த்து, அது அணையாவிட்டால்தான் ஆள் இறங்குவது அவர்கள் வீட்டுச் சட்டம். கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலைக்கு வந்த இடத்தில் அதே சட்டத்தைச் சாக்கடையிலும் காட்டப் பார்த்தான். அவன் அசடு வழியச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. தன் அப்பா இந்தக் குழியில்தான் அடைப்பெடுக்க இறங்கினார் என்றும், மேலே கயிறு பிடிக்க ஓர் ஆள்கூட இல்லை என்றும் சொல்லிவிட்டு, காலி வாளியோடு திரும்பி நடந்தாள்.

மறுநாளிலிருந்து அந்தக் குழியைக் கடக்கும்போதெல்லாம் அவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதைப் பார்த்த அன்றுதான் அவளுடைய பாழாய்ப்போன மனசு அவன் பக்கம் சாய்ந்தது.

கான்கிரீட் சுவர் காய்ந்து வெடிக்காமலிருக்கத் தினமும் தண்ணீர் அடிக்க வேண்டும். அவள் மோட்டாரைப் போடுவாள், அவன் குழாயைப் பிடிப்பான். நாற்றத்துக்கு நடுவே அது ஒன்றுதான் அவர்களுக்கு வாய்த்த மழைக்காலம். ஒருநாள், கிணற்றில் இறங்குகிறவனுக்குக் கயிறு பிடிப்பது யார் என்று கேட்டாள்.

“எங்க வீட்டுல மச்சான்தான் பிடிக்கணும். பொண்டாட்டி கூடப்பிறந்தவன். தங்கச்சி தாலி அவன் கையிலயில்ல இருக்கு... விட்ருவானா?”

“ஒங்களுக்கு யாரு?”

“எனக்கு இன்னும் மச்சான் வாய்க்கல” என்றவன், தண்ணீரைத் தன் காலிலேயே அடித்துக்கொண்டிருந்தான்.

பெனிட்டாவுக்கு ஓர் அண்ணன் உண்டு, எட்வின். ஆட்டோ ஓட்டுபவன். பேச்சு அவன் காதுக்கு எட்டியதும் நேரே சைட்டுக்கே வந்து நின்றான். சாதி, மதம் என்று ஆரம்பித்திருந்தால் பெனிட்டா சண்டை போட்டிருப்பாள். அவன் அதைத் தொடவே இல்லை.

“குழியில எறங்குறவனுக்கு எங்க வீட்ல பொண்ணு இல்ல. எங்கம்மா ஒருத்தி தாலி அறுத்தது போதும்.”

அத்தனை பேர் முன்னால் வாங்கிய சொல் மாரிசெல்வத்தின் ரோஷத்தில் தைத்தது. அதற்குப் பிறகு அவன் மோட்டார் ரூம் பக்கம் வரவில்லை. அவளுடைய மிஸ்டு காலுக்கும் பதில் இல்லை. அண்ணன் சொன்னது பொய்யும் இல்லையே... அவள் யாரிடம் போய் அழுவாள்?

புதுத் தொட்டி முடிந்தது. அதைப் பழைய குழியோடு இணைக்க, குழிக்குள்ளிருந்து சுவரை உடைத்துப் பலகை அடிக்க வேண்டும். கழிவை இறைத்தார்கள், மூடியைத் திறந்து போட்டுக் காற்றடித்தார்கள். ஆனாலும் இறங்க ஒருவரும் முன்வரவில்லை. ரோஷக்காரன் ஒருவன்தான் ஒப்புக்கொண்டான். அன்று சாயங்காலம் பெனிட்டா அண்ணன் முன்னால் போய் நின்று, கிணறு வெட்டுகிறவர்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னாள்.

“நாளைக்கு அவரு எறங்குறாரு. கயிறு பிடிக்க ஆளில்ல. அப்பாவுக்கும் ஆளில்ல.”

எட்வின் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் மழை வலுத்திருந்தது. இடுப்பில் கயிற்றைக் கட்டிய மாரிசெல்வம், மறுமுனையைக் கலவை மெஷினில் கட்டப் போனான். ஒரு கை அதை வாங்கிக்கொண்டது. எட்வின், யார் முகத்தையும் பார்க்காமல், கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டான்.

“எறங்குங்க.”

மாரிசெல்வம் பெனிட்டாவைப் பார்த்தான். அவள் தலையைக் குனியவில்லை.

உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம் வந்துகொண்டிருந்தது. திடீரென்று நின்றது. எட்வின் கூப்பிட்டுப் பார்த்தான். பதில் இல்லை, கயிறும் அசையவில்லை. அவன் காலை ஊன்றி இழுத்தான். ஈரக் கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு வந்தது, அவன் விடவில்லை. சேற்றில் கிடத்தியபோது மாரிசெல்வத்தின் முகம் சாம்பல் பூத்திருந்தது. அப்பாவையும் இப்படித்தான் கிடத்தியிருந்தார்கள்... பெனிட்டா ஓடிப்போய் வாளியை எடுத்துவந்து முகத்தில் ஊற்றினாள். இருமல் வந்தது. பிறகு இமை பிரிந்தது.

“இன்னைக்கும்... குளிப்பாட்டிட்டியா?”

அவள் உடைந்து அழுதாள். அவன் அவள் கையைத் தேடிப் பிடித்தான்.

“எங்க வம்சத்துல குழிக்குப் பயந்தவன் கிடையாது பெனிட்டா. இன்னைக்குப் பயந்தேன். மேல நீ நிக்கிறியேன்னு பயந்தேன்.”

“இனி எறங்கக் கூடாது.”

“அதச் சொல்ல நீ யாரு எனக்கு?” அந்த நிலையிலும் அவனுக்குக் கேலி.

“எங்கண்ணன் கையில இருக்குதே... அது என்ன கயிறுன்னு தெரியலையா ஒங்களுக்கு?”

அவன் திரும்பிப் பார்த்தான். ரத்தம் கசியும் கைகளோடு மழையில் நின்றிருந்த எட்வின் இன்னும் கயிற்றை விட்டிருக்கவில்லை.