குலுங்காத சாடி

தேயிலைக் கலவைக் கூடத்தில் அன்று இருந்தவர்கள் நால்வர்: நிறுவனத் தலைவரான பெரியவர், புகார் கொடுத்த அவர் தம்பி, பெரியவரின் மருமகள், பெண் இன்ஸ்பெக்டர்.

காலை பத்து மணி. மேசையில் மெழுகால் வாய் அடைத்த கண்ணாடிச் சாடி. மேலே போட்டிக் கம்பெனியின் சீட்டு. உள்ளே நீள இலை, உடைத்த இலை, பொடித் தூள், எல்லாம் ஒன்றாய்க் கலந்து. தம்பி இதோடு கொண்டுவந்த ஜோடிச் சாடியைத் திறந்து பெரியவரே ருசி பார்த்துவிட்டார். சந்தேகமில்லை, குடும்பக் கலவைதான். அதன் அளவு தெரிந்தவர்கள் அவரும் மருமகளும் மட்டும்.

“நம்ம கலவை ரகசியத்தை அவங்களுக்கு வித்தவ மத்தியானத்துக்குள்ள வீட்டை விட்டுக் கிளம்பணும்” என்றார் தம்பி.

“எங்க வாங்கினீங்க?” இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“வெளியூர்க் கடையில. ராத்திரி முழுக்க பஸ்ல மடியிலயே வச்சிருந்தேன். ஒரு குழி விடல அந்த டிரைவர். இடுப்பு கழண்டுபோச்சு.”

“திறந்தீங்களா?”

“மெழுகு அப்படியே இருக்கே, கண்ணு தெரியலையா?”

“மாமா, நான் யாருகிட்டயும்...” மருமகள் தொடங்கினாள். பெரியவர் கையை உயர்த்தினார். வெளியாள் முன் வீட்டுப் பேச்சு கூடாது.

இன்ஸ்பெக்டர் ஜோடிச் சாடியைக் காலிசெய்து, அதே குடும்பக் கலவையைப் புதிதாக நிரப்பி, மூடி, ஜீப் டிரைவரிடம் கொடுத்தார். “கல் ரோட்டுல நல்லா சுத்திட்டு வாங்க.”

பதினொன்றரை. இரண்டு சாடிகளும் அருகருகே. ஜீப்பில் போனதில் மேலே நீள இலை, நடுவே உடைத்தது, அடியில் வண்டலாய்த் தூள். தம்பி கொண்டுவந்ததில் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம்.

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். இத்தனை வருஷமும் உள்ளே தெரியாத தகர டப்பாவிலேயே சரக்கு அனுப்பியவர். தன் கைக் கலவை தானாகப் பிரிந்து படுக்கும் அதிசயத்தை இன்றுதான் கண்டார்.

“சாயத்துக்கும் பிளெண்ட்னு சொல்றோம், தேயிலைக்கும் சொல்றோம்” என்றார் இன்ஸ்பெக்டர் தம்பியிடம். “சாயம் கலந்தா கலந்ததுதான். இலை சும்மா பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கு. குலுங்கினா சின்னது சந்துல இறங்கிடும். இந்தச் சாடி பஸ்ஸே ஏறலை, சார். உங்க கம்பெனி சரக்கையே இதுல கொட்டி, இங்கயே மெழுகு வச்சது நீங்கதான்.”

தம்பியின் குரல் உடைந்தது. “கலவைக் கூடத்துச் சாவியை நேத்து வந்தவகிட்ட கொடுத்தீங்களே, அண்ணா!”

பெரியவர் சாடியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. தன் நாற்காலியை மருமகள் பக்கம் நகர்த்தினார். “உக்காரும்மா.”

மருமகள் கலவையை விற்றாள், குடும்பம் மூடி மறைத்தது என்று வெளியே ஒரு பேச்சு உலவுகிறது. விற்கவில்லை. அந்தச் சாடி வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை. தாண்டிப் போனவர் தம்பி.