கறுப்பு டேப் சுற்றிய புட்டி

காலை 7.20.

பிரேக் பிடிக்காத வண்டிகள் ஏறி நிற்பதற்கென்று மலைப்பாதையின் ஒன்பதாவது வளைவில் ஒரு மணல் ஏற்றம் போட்டிருக்கிறார்கள். அதில் ஸாஹிரின் வெள்ளை எஸ்யூவி மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது. ஏறிய வேகத்தில் பக்கச் சுவரை இடித்திருந்தது. முன்கண்ணாடி சிலந்தி வலை போல விரிந்திருந்தது. முதலில் ஓடிவந்தவர் ஒரு மாதுளை வியாபாரி. அவரிடம் ஸாஹிர் சொன்னது ஒரே வரிதான்.

"மிதிச்சேன்... தரை வரைக்கும் போயிடுச்சு."

அதோடு நினைவு தப்பிவிட்டது. மலையடிவார நகரமான நிஸ்வாவின் ஆஸ்பத்திரியில் தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள்.

காலை 9.40.

மலைமேல் அல்-கஷா கிராமத்தில் மர்ஹூனின் பட்டறை வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றது. மூன்று நாளுக்கு முன்பு ஸாஹிரின் வண்டிக்கு முன்சக்கர பிரேக் பேட் மாற்றியவன் மர்ஹூன். அதே நாளில், வாய்க்கால் தண்ணீர் முறைச் சண்டையில், பள்ளிவாசல் படியில் நின்று "உன் திமிருக்கு ஒரு நாள் உன் வண்டியே உன்னைத் தள்ளிவிடும்" என்று ஸாஹிரைப் பார்த்துச் சொன்னவனும் அவன்தான். கேட்டவர்கள் இருபது பேர். இருபது பேருக்கும் அந்த வரி மனப்பாடமாகியிருந்தது.

கீழே இறங்கும் வழியெல்லாம், பின்சீட்டில் உட்கார்ந்திருந்த மர்ஹூனின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. அவன் பயந்தது போலீஸுக்கு அல்ல. ஸாஹிர் வண்டியின் வலது முன்சக்கரத்துக்குத்தான்.

பேட் மாற்றிய அன்று, பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் சின்ன நிப்பிளில் ஸ்பானரை மாட்டியிருந்தபோது மதியத் தொழுகைக்கு பாங்கு சொன்னார்கள். எழுந்து போனான். திரும்பி வந்து இறுக்கினானா? தொழுதது நினைவிருக்கிறது. செருப்பு மாறிப்போனதுகூட நினைவிருக்கிறது. இறுக்கியது மட்டும் நினைவில் இல்லை. 

காலை 10.50.

மலையடிவாரக் காவல் சாவடியின் முற்றத்தில் வண்டியை இழுத்துவந்து போட்டிருந்தார்கள். சார்ஜென்ட் ஹமூத் கடற்கரைக்காரர். ரோஜாப் பூவிலிருந்து பன்னீர் காய்ச்சும் பருவத்தில் இந்த மலைக்கு மாற்றல் கேட்டு வந்தது தன் வாழ்க்கையின் பெரிய முட்டாள்தனம் என்று சொல்லிக்கொண்டிருப்பவர். ரோஜா வாசனை மூக்கில் ஏறினால் போதும், அடுக்கடுக்காகத் தும்முவார். மலையிலிருந்து இறங்கிவரும் ஒவ்வொருவர் உடம்பிலும் அந்த வாசனைதான் என்பதால், எல்லோரையும் நாலடி தள்ளியே நிற்கச் சொல்வார்.

"நாலு மணிக்கு அரசு வழக்கறிஞர் அலுவலக வண்டி நிஸ்வாலேருந்து வருது, மர்ஹூன். அது வந்தா உன்னை அனுப்பித்தான் ஆகணும்."

"சார்ஜென்ட், வண்டியை நான் ஒரு தடவை பாக்கணும்."

"பாரு. தொடாதே. உன் விரல் பட்டா சாட்சியை அழிச்சேன்னு எழுதுவாங்க."

"நான் தொடல. நீங்க தொடுங்க, நான் சொல்றேன்."

சார்ஜென்ட் அவனை ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"இருபது வருஷ சர்வீஸுக்கு அப்புறம் மெக்கானிக் வேலை கத்துக்கணும்னு எழுதியிருக்கு. சொல்லு."

முதலில் பிரேக் மிதியை மிதித்துப் பார்த்தார். கல்லு மாதிரி நின்றது. சக்கரங்களில் ஒழுகல் இல்லை. குழாய்கள் முழுசாக இருந்தன. பேட் புதுசு.

"பிரேக் நல்லா இருக்கே," என்றார் ஹமூத். "அப்போ சாகக் கிடக்கிறவன் பொய் சொன்னானா?"

மர்ஹூன் சக்கரத்தையே பார்த்தான். ஒழுகல் இல்லை என்றால் அவன் நிப்பிளை இறுக்கித்தான் இருக்கிறான். ஆனால் ஒழுகாத பிரேக் தரைவரை போனது எப்படி? அதைச் சொல்ல முடியாவிட்டால், பள்ளிவாசல் படியில் சொன்ன வரிதான் பதில் என்று ஆகிவிடும்.

காலை 11.30.

ஸாஹிரின் தம்பி ஹிலால் முற்றத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். காலையிலேயே சாவடிக்கு முதல் ஆளாக வந்தவன் அவன்தான். வண்டிக்குள் இருந்த பன்னீர்ப் பெட்டியை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போகலாமா, அம்மா கேட்கிறாள் என்று சார்ஜென்டிடம் கேட்டான். முடியாது என்றதும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்திருந்தான். கண் சிவந்திருந்தது. மர்ஹூனைக் கண்டதும் பாய்ந்து வந்தான்.

"எங்க அண்ணனை என்னடா பண்ணினே? நீ வேலை பார்த்து மூணே நாள்தான், நேத்தே பிரேக் விளக்கு எரிய ஆரம்பிச்சுடுச்சு!"

மர்ஹூன் நிமிர்ந்தான். "பிரேக் விளக்கு மட்டுமா?"

"பேட்டரி விளக்கும்தான். ரெண்டும் சிவப்பா."

"நேத்து வண்டியை யார் ஓட்டினா?"

"நான்தான். பன்னீர் அடுப்புலேருந்து அம்மாவோட பன்னிரண்டு புட்டியை ஏத்திக்கிட்டு வந்தேன். கிளம்பும்போது ஸ்டார்ட் ஆகல. நாலு பேர் பின்னாடி தள்ளினாங்க, பிடிச்சுக்கிச்சு."

"பானெட்டைத் திறந்து பார்த்தியா?"

"எனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்? என் ஆயுசுல அந்த பானெட்டைத் தூக்கினது இல்ல. அது உங்க வேலை."

சார்ஜென்ட் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். மர்ஹூன் ஹிலாலின் முகத்தையும், வண்டிக்குள் தெரிந்த கியர் பிடியையும் மாறிமாறிப் பார்த்தான். 

பகல் 12.15.

"பானெட்டைத் தூக்குங்க. டைனமோ பெல்ட்டைக் கட்டைவிரலால அமுக்குங்க."

பெல்ட் இரண்டு விரல் ஆழம் உள்ளே போனது. அதன் முகம் கண்ணாடி போலப் பளபளத்தது.

"வழுக்குது," என்றான் மர்ஹூன். "டைனமோ ஒழுங்கா சுத்தல. பேட்டரி பாதிதான் ஏறும். இந்த மாதிரி வண்டியில டைனமோ படுத்தா பேட்டரி விளக்கும் பிரேக் விளக்கும் சேர்ந்து எரியும். பிரேக்குக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"அப்போ அது பொய் விளக்கு?"

"பொய் இல்ல. வேற நோய். இப்போ பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்க."

ஹமூத் குனிந்தார். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி மூடியை முட்டிக்கொண்டு நின்றது.

"நான் கோட்டோட நிறுத்தினேன். மூணு நாள்ல ஆயில் குறையலாம், ஏறாது."

சார்ஜென்ட் மூடியைத் திருகினார். திறந்த அடுத்த நொடி தும்மினார். ஒன்று, இரண்டு, மூன்று.

"தள்ளி நில்லுடா, உன் மேல வாசனை!"

"நான் காலையிலேருந்து நாலடி தள்ளித்தான் நிக்கிறேன்," என்றான் மர்ஹூன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹமூத் மூக்கைத் துடைத்துக்கொண்டு வலது முன்சக்கரத்தருகே மண்டியிட்டார்.

"நிப்பிள் எப்படி இருக்கு?"

"ரப்பர் தொப்பி இல்ல. ஆறு மூலையும் கடிபட்டுப் போயிருக்கு. எலி கடிச்ச மாதிரி."

"இடது பக்கம்?"

"அங்கேயும் அப்படித்தான்."

மர்ஹூன் கண்ணை மூடித் திறந்தான். ஸ்பானர் மூலையைக் கடிக்காது. குறடு கடிக்கும். அவன் பட்டறையில் நிப்பிளைக் குறடு தொட்டதே இல்லை. அவனுக்கு அழவேண்டும்போல இருந்தது. ஆனால் நாலு மணிக்கு வரப்போகிற வண்டிக்கு இது போதாது.

"பின்பக்கம் ஒரு கருவிப்பெட்டி இருக்கும். அதுல கழுத்துல கறுப்பு டேப் சுத்தின சர்பத் புட்டி இருக்கா பாருங்க."

மலையில் காலி சர்பத் புட்டியை யாரும் தூக்கி எறிவதில்லை. தேன் அதில்தான், எண்ணெய் அதில்தான், அடுப்புப் புகையில் பழுப்பேறிய பன்னீர் அதில்தான், மர்ஹூன் பட்டறையின் மிச்ச பிரேக் ஆயிலும் அதில்தான். வேலை முடிந்ததும் வண்டிக்காரரிடம் ஒரு புட்டி கொடுத்து, "அவசரத்துக்கு வெச்சுக்க" என்பது அவன் வழக்கம். டேப் அவன் அடையாளம். பெயர் எழுதுவதில்லை.

புட்டி இருந்தது. கழுத்துவரை நிறைந்து, டேப் கிழியாமல் இருந்தது.

"இது தொடாம இருக்கு," என்றார் ஹமூத் மெதுவாக. "அப்போ டப்பாவுல ஊத்தினது எது?"

"பன்னீர்ப் பெட்டியை எண்ணுங்க."

பன்னிரண்டும் இருந்தன. ஒன்றும் உடையவில்லை. பதினொன்று கழுத்துவரை நிறைந்திருந்தது. ஒன்றில் கால்வாசிதான் மிச்சம்.

மாலை 3.10.

சாவடியின் காபி அடுப்பில் சார்ஜென்ட் இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களை வைத்தார். ஒன்றில் டேப் புட்டியின் ஆயில். இன்னொன்றில், வலது சக்கர நிப்பிளைத் திறந்து மிதியை அழுத்தி எடுத்த ஆயில். இரண்டும் பழுப்பு நிறம். பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. ஹிலாலையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

 மர்ஹூன் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்று தோற்றான். 3.14. 3.16. இரண்டும் அசையாமல் கிடந்தன. தான் நினைத்தது தப்போ என்று ஒரு கணம் தோன்றியது.

3.18க்கு இரண்டாவது கிண்ணத்தில் முதல் குமிழி வந்தது. பிறகு கிண்ணம் முழுக்கக் கொதித்தது. முதலாவது குளத்துத் தண்ணீர் போல அமைதியாக இருந்தது. கொதித்த கிண்ணத்திலிருந்து அறை முழுக்க, அடுப்புப் புகை கலந்த அந்த மலைப் பன்னீர் மணம் எழுந்தது. ஹமூத் அடக்கப் பார்த்து, முடியாமல் தும்மித் தீர்த்தார்.

"இதுதான் நடந்தது," என்றான் மர்ஹூன். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "மேல சமதரையில பிரேக் நல்லாத்தான் பிடிச்சிருக்கும். இறக்கத்துல மிதிச்சு மிதிச்சு சக்கரம் சூடாகும். அந்தச் சூட்டுல சுத்தமான ஆயில் கொதிக்காது, தண்ணி கலந்தது கொதிக்கும். குழாய் முழுக்க ஆவி. மிதிச்சா ஆவிதான் அமுங்கும், மிதி தரைக்குப் போகும். வண்டி ஆறினதும் ஆவி திரும்பத் தண்ணியாகும், மிதி கல்லாகும். அதனாலதான் நாம பார்க்கும்போது எல்லாம் சரியா இருந்தது."

"ஊத்தினது யார்?"

மர்ஹூன் ஹிலாலைப் பார்த்தான். கோபப்பட வேண்டும் என்று நினைத்தான். வரவில்லை.

"ஹிலால், அந்த வண்டி ஆட்டோமேட்டிக் கியர். நாலு பேர் இல்ல, நாற்பது பேர் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. இன்னொரு வண்டி பேட்டரியிலேருந்து கம்பி போட்டாத்தான் ஆகும். கம்பி போடணும்னா பானெட்டைத் திறந்தே ஆகணும். நீ அதைத் திறந்தே."

ஹிலாலின் உதடு கோணியது. தலை குனிந்தது.

"விளக்கு எரிஞ்சுது," என்றான் கடைசியில். "பிரேக் விளக்கு. போன்ல வீடியோ பார்த்தேன். காத்து எடுத்து ஆயில் ஊத்தணும்னு அதுல சொன்னான். ஸ்பானர் இல்ல, கொறடால நிப்பிளைத் திறந்தேன். பின்னாடி ஒரு புட்டியில ஆயில் இருக்குன்னு அண்ணன் சொல்லியிருந்தான். இருட்டிக்கிட்டு வந்தது. கைக்குக் கிடைச்சதை எடுத்தேன்."

"வாசனை வரலையா?" என்றார் ஹமூத்.

"பகல் பூரா பூ பறிச்ச கை, சார்ஜென்ட். சாப்பிட்டது, குடிச்சது எல்லாமே அந்த வாசனைதான். எனக்கு எப்படித் தெரியும்?"

"எப்போ தெரிஞ்சுது?"

"காலையில. இங்க வந்து பார்த்தப்போ. டேப் புட்டி அப்படியே இருந்தது."

"அதனாலதான் பன்னீர்ப் பெட்டியை மட்டும் கேட்டே."

ஹிலால் தலையாட்டினான். "அண்ணனுக்கு நல்லது பண்ணினேன்னு நினைச்சேன். நான்தான் காரணம்னு அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? இவன் ஏற்கெனவே சண்டை போட்டவன். ஊர்க்காரங்களே இவன்தான்னு சொன்னாங்க. நான் ஆமாம்னுட்டேன்."

"நீ ஊத்தினது தப்பு," என்றார் ஹமூத். "தெரியாம பண்ணினே. ஆமாம்னு சொன்னது தெரிஞ்சு பண்ணினே. அதைத்தான் நான் எழுதப்போறேன்."

"என் பேரையும் எழுதுங்க," என்றான் மர்ஹூன்.

"உன்னை எதுக்கு?"

"ஆயிலை சர்பத் புட்டியில ஊத்தி, பேர் எழுதாம கொடுத்தவன் நான்."

சார்ஜென்ட் அதையும் எழுதினார். 

மாலை 4.05.

நிஸ்வா வண்டி வந்தது. ஹிலாலை ஏற்றிக்கொண்டது; மர்ஹூனை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருந்தது. ஸாஹிர் கண் திறந்திருந்தான். தண்ணீர் கேட்டானாம்.

மாலை 5.30.

மர்ஹூன் பட்டறைக் கதவைத் திறந்தான். அலமாரியில் இன்னும் டேப் சுற்றாத சர்பத் புட்டிகள் வரிசையாக நின்றன. ஒன்றைத் திறந்து முகர்ந்தான். ரோஜா. இன்னொன்றையும் திறந்தான். அதிலும் ரோஜா. பிறகு தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தான். வாசனை அங்கேயிருந்துதான் வந்தது. எது ஆயில், எது மனைவி வைத்த பன்னீர் என்று அவனாலேயே சொல்ல முடியவில்லை. டேப் சுற்றிக் கொடுத்த புட்டிகளில் எது போயிருக்கும்?

ஸாஹிரைப் போல இந்தப் பருவத்தில் எத்தனை பேருக்கு இப்படிக் கொடுத்தோம் என்று விரல் விட்டு எண்ணினான். ஏழு பேர். ஏழு பேரும் விடிந்தால் பன்னீர் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு இறங்குகிறவர்கள். வாசல்படியில் உட்கார்ந்து போனை எடுத்தான். ஆறு பேர் உடனே எடுத்தார்கள். டேப் புட்டியைத் தொடவில்லை என்றார்கள். டேப் சுற்றியதை நாளைக்கே கொண்டுவந்து கொடுத்துவிடச் சொன்னான்.

ஏழாவது ஆள் எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. கீழே ஒன்பதாவது வளைவில் யாரோ விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். மர்ஹூன் எழுந்து நின்றுவிட்டான்.

மூன்றாவது தடவையில் தூக்கக் குரல் கேட்டது.

"என்னய்யா மர்ஹூன்? பகல் பூரா பூ பறிச்சுட்டு இப்போதான் கண்ணசந்தேன்."

"வீட்லயா இருக்கே?"

"வேற எங்க இருப்பேன்?"

"டேப் புட்டியைத் தொடாதே, வண்டியை எடுக்காதே. நான் வந்து ரெண்டையும் பாக்குறேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டான்.  ஸ்பானர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே கிளம்பினான்.