கட்டிலோரத்து மீன்தொட்டி

தொட்டியில் காற்று ஓடிக்கொண்டிருந்தது. மீன் மட்டும் காற்றில்லாமல் செத்திருந்தது.

சுகன்யா இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். ஆறாம் மாதம்; குனிவதே பெரிய வேலையாகிவிட்டது. சுவரோரம் மோட்டார் கிர்ரென்று இரைந்துகொண்டிருக்க, குழாய் நுனியிலிருந்து குமிழிகள் கொத்துக்கொத்தாகக் கிளம்பி மேலே வந்து உடைந்தன. தண்ணீரில் கலங்கல் இல்லை, வாடை இல்லை. இத்தனை காற்றுக்கு நடுவில் அந்த ஆரஞ்சு மீன் வாயை அகலத் திறந்து, செவுள்களை விரித்து, ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்தது. ஒரு வாய்க் காற்றுக்காகக் கடைசிவரை தவித்த முகம். மீனுக்கு ஏது முகம் என்று யாராவது சிரிக்கலாம். ஆனால் அந்த முகத்தை அவள் எங்கோ பார்த்திருக்கிறாள். எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

"அம்மா, பசிக்குது."

அகல்யா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். ஐந்து வயது. முந்தின நாள் சாயங்காலம் இளைப்பு வந்து, நெஞ்சில் விசில் அடித்து, தாயின் தோளை விட்டு இறங்காத குழந்தை இப்போது கன்னம் பளபளக்க இட்லி கேட்டது.

பிறந்ததிலிருந்தே அவளுக்கு இளைப்பு. மழை ஆகாது, பனி ஆகாது, ஊதுவத்திப் புகைகூட ஆகாது. நாய்க்குட்டி வேண்டும் என்று அவள் அடம்பிடித்தபோது, முடி உள்ள பிராணி எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு ஈடாகத்தான் தனசேகரன் மீன்தொட்டி வாங்கிவந்து மகளின் கட்டிலோரம் ஸ்டூல் போட்டு வைத்தான். மகள் கேட்டால் கமண்டல நாகநதியையே தூக்கிவந்து வைக்கிற அப்பன்.

"மறுபடியுமா?" என்று பல் தேய்த்தபடியே எட்டிப் பார்த்தான் தனசேகரன்.

அவனுக்குக் கொசப்பாளையத்தில் சொந்தச் சாயப்பட்டறை. வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. சோடாவும் சோப்பும் போட்டுப் பட்டு நூலை வேகவைக்கிற அண்டாவின் வாடை விடியும் முன்பே வீட்டுக்குள் வந்துவிடும். அவனுடைய நகக்கண்களில் அரக்குச் சிவப்பு எந்த நாளும் போனதில்லை.

"உங்க கைதாங்க. சாயக் கைய தொட்டியில வுடாதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"இந்தக் கையாலதான் பொண்ணுக்குச் சோறு ஊட்டிகினு கீறேன். அவளுக்கு ஒண்ணும் ஆவல. மீனுக்கு மட்டும் ஆயிடுச்சாக்கும்?"

அன்று மதியம் அவன் சாப்பிட வரவில்லை. சொல்லியிருக்க வேண்டாம் என்று சுகன்யாவுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் காரணம் என்று ஒன்று வேண்டுமே. காரணம் தெரியாமல் அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. தொட்டிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

மீன் கடை ஜெயவேல் அவளைப் பார்த்ததும் சிரித்தான். "இன்னாக்கா, பூடுச்சா? சாயம் பொழங்கற வூடு. பக்கெட்ட தனியா வச்சிக்கோங்க. தண்ணிய ஒரு நாளு ஆற வுட்டு ஊத்துங்க. மொத்தத்தையும் ஒரேடியா மாத்தாதீங்க. தீனிய அள்ளிப் போடாதீங்க."

அவள் எல்லாவற்றையும் செய்தாள். புது பக்கெட் வாங்கினாள். தெருக்குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஆறவைத்தாள். தீனியைச் சிட்டிகையால் எடுத்துப் போட்டாள். தனசேகரன் கோபத்தில் தொட்டிப் பக்கமே வரவில்லை. மீன்கள் பாட்டுக்குச் செத்துக்கொண்டிருந்தன, எல்லாம் ஒரே மாதிரி, வாயைத் திறந்துகொண்டு.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம் அது அவளுக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டு விசைத்தறிகள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அகல்யா மடியில் சாய்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். மருந்து கொடுத்தாயிற்று. முதுகைத் தடவியபடி, வேறு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சுகன்யா தொட்டியைப் பார்த்தாள். கறுப்பு மோலி மீன் ஒன்று கண்ணாடியை ஒட்டி மேலே வந்தது. வாய் திறந்து மூடியது. திறந்து மூடியது. மகளின் நெஞ்சு எந்த வேகத்தில் ஏறி இறங்குகிறதோ அதே வேகம். கையின் கீழே விசில் மெல்லமெல்லத் தணிந்தது. மீனின் வாய் இன்னும் வேகமாக அடித்துக்கொண்டது. அகல்யா பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடினாள். மோலி சாய்ந்தது.

அந்த முகத்தை எங்கே பார்த்திருக்கிறோம் என்று அப்போதுதான் பிடிபட்டது. தினமும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற முகம்தான்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். எதிர்வீட்டு ரேணுகாம்பாளிடம் மட்டும், மீன் தங்குவதே இல்லை என்று பட்டும் படாமலும் சொல்லிவைத்தாள்.

"அதுக்கு ஏம்மா மூஞ்சத் தூக்கிகினு கீற?" என்றாள் ரேணுகாம்பாள். "வூட்டுக்கு வர்ற கெட்டத மீனு வாங்கிகினு போயிடும். நல்லதுன்னு நெனச்சிக்கோ. வேற மீனு வாங்கி வுடு."

"எவ்ளோ நாளைக்குக்கா வாங்கிக்கும்?"

"அது எனக்கு இன்னாமா தெரியும்? நான் இன்னா மீனா?"

சிரித்துவிட்டு வந்தாள். ஆனால் மனம் அடங்கவில்லை. கணவனிடம் ஏதோ சாக்குச் சொல்லித் தொட்டியைச் சமையலறைக்கு மாற்றச் செய்தாள். சில நாட்கள் ஒரு மீனும் சாகவில்லை. ஒரு சாயங்காலம் அகல்யாவுக்கு இளைப்பு வந்தது. மருந்துக்கு அடங்கவில்லை. நீராவிக்கும் அடங்கவில்லை. குழந்தையின் தொண்டைக்குழி உள்ளே உள்ளே போய்வந்தது. சுகன்யா சமையலறைக்கு ஓடினாள். ஒரு மீனைச் சொம்புத் தண்ணீரோடு மொண்டுவந்து தலையணைப் பக்கம் வைத்தாள்.

சொம்புக்குள் தண்ணீர் சலசலத்தது. வால் சொம்பின் சுவரில் தட்டியது. பிறகு தட்டவில்லை.

அகல்யா தூங்கிப்போனாள். சுகன்யா சொம்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அழவேண்டும் என்று நினைத்தாள்; அழுகை வரவில்லை. சந்தோஷமாக இருந்தது, யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம். மறுநாள் தொட்டி மறுபடி கட்டிலோரத்துக்கு வந்தது. தனசேகரன் தலையில் அடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவள் பக்கெட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஜெயவேல் கடையில் உயிரோடு நீந்துகிற எதையும் வாங்கினாள். செத்ததைக் கணவன் பார்ப்பதற்குள் வாழைமரத்தடியில் புதைத்தாள். புதைக்கத் தவறிய சில அவன் கண்ணில் பட்டன. மார்கழிப் பனியில் ஒரு மீன் போதவில்லை. ஒரே ராத்திரியில் இரண்டு, மூன்று என்று போயின. அகல்யா மட்டும் நன்றாகத் தேறினாள். "மருந்து வேலை செய்யுதுடி," என்று மகளைத் தூக்கிச் சுற்றினான் தனசேகரன். அவன் சிரிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இதுவே போதும் என்று சுகன்யாவுக்குத் தோன்றும். அடுத்த நிமிடமே மீன்கள் இருக்கின்றனவா என்று பார்க்க ஓடுவாள்.

ஒருநாள் அகல்யா தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மீன்கள் எல்லாம் எதிர்ப்பக்கக் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நின்றன. இவள் அந்தப் பக்கம் போனாள். அவை இந்தப் பக்கம் வந்தன.

"அம்மா."

"இன்னா கண்ணு?"

"இதெல்லாம் சின்னது. பெருசா வாங்கு."

சுகன்யா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். மகளின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். மிட்டாய் கேட்கிற முகம்தான். பெரிய மீன் கேட்பது குழந்தைக்கு இயல்புதானே என்று அன்று முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரிந்தாள். வயிற்றுக்குள் குழந்தை உருண்டு உருண்டு படுத்தது.

ஒன்பதாம் மாதம் செக்கப்புக்கு வேலூர் போய்த் திரும்பும்போது, மார்கழியும் கழிந்து, காலம் தப்பிய மழை. குழந்தை நன்றாக இருக்கிறது, தலை இறங்கிவிட்டது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கண்ணமங்கலத்தில் பஸ் நின்றுகொண்டே இருந்தது. சுகன்யா முந்தானையை முறுக்கினாள், பிரித்தாள், முறுக்கினாள். காலையில் தொட்டியில் மீன் இருந்தது, இருக்கும், இருக்கத்தான் செய்யும்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் ஏதோ குறைந்தது. கிர்ரென்ற சத்தம் இல்லை. கட்டிலோரம் ஸ்டூல் வெறுமனே நின்றது.

"தொட்டி எங்கங்க?"

"ஜெயவேல் கிட்டயே குடுத்துட்டேன். பேஜாராப் போச்சு சுகன்யா. எழுந்தா செத்த மீனு மூஞ்சிலதான் முழிக்கிறோம். கொழந்த பொறக்கப்போற வூட்ல அது இன்னாத்துக்கு?"

"மீனு?"

"எல்லாத்தையும்தான்."

"போய் வாங்கிகினு வாங்க. ஜல்தி."

"மழ கொட்டிகினு கீது. கடையச் சாத்திகினு போயிருப்பான். காலைல பாக்கலாம்."

அப்போது கரண்ட் போனது. தெருவிலிருந்த விசைத்தறிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றன. மழைச் சத்தம் மட்டும் மிச்சம். அதற்கும் அடியில், கட்டில் பக்கமிருந்து, மெல்லிசாக ஒரு விசில்.

தனசேகரன் மெழுகுவத்தி ஏற்றினான். மருந்து கொடுத்தார்கள். நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். விசில் ஏறிக்கொண்டே போனது. "நீ பாத்துக்கோ, ஆட்டோ புடிச்சிகினு வந்துட்றேன்," என்று அவன் மழையில் ஓடினான்.

அவளும் மகளும்.

அகல்யாவின் தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. வாய் அகலத் திறந்திருந்தது. கண்கள் தாயை விட்டு அகலவில்லை. சுகன்யா சுவரைப் பார்த்தாள். ஒரு பல்லி. இவள் எழுந்ததும் அது போட்டோவுக்குப் பின்னால் போய்விட்டது. போட்டோவை இழுத்தாள். பல்லி இல்லை. பின்கதவைத் திறந்தாள். இருட்டு. மழை. அண்டா. எங்கோ தவளைச் சத்தம். எங்கே? தெரியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதுகுக்குப் பின்னால் விசில்.

திரும்பி வந்து மகளின் முன்னால் உட்கார்ந்தாள்.

"எதையாவது எடுத்துக்கோ," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. "எதுவா இருந்தாலும் எடுத்துக்கோ. எம் பொண்ண வுட்ரு."

அகல்யா தவழ்ந்து வந்தாள். இரண்டு கைகளாலும் தாயின் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வயிற்றின்மேல் கன்னத்தை வைத்தாள்.

விசில் தணிந்தது.

சுகன்யா சாமி, சாமி என்று மகளின் தலையைக் கோதினாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அகல்யாவின் தோள்கள் இறங்கின. உதட்டில் நிறம் திரும்பியது.

"அம்மா, இங்க நல்லா இருக்கு."

உள்ளே ஒரு உதை.

வழக்கமான உதைதான் என்று நினைத்தாள். இன்னொன்று. அடுத்தடுத்து. காலையெல்லாம் சோம்பலாக உருண்டுகொண்டிருந்த குழந்தை அடிவயிற்றிலிருந்து விலா எலும்புவரை முட்டி முட்டி ஏறியது. வெளியே வரும் வழியை விட்டுவிட்டு, மேலே. மேலே எதையோ தேடி.

அவளுக்குத் தெரியும் இந்த வேகம்.

மகளின் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக் கொஞ்சமாக உயர்த்தினாள். ஒரு விரற்கடை. உள்ளே முட்டுவது நின்றது. விசில் கிளம்பியது. அகல்யாவின் விரல்கள் புடவையை இறுக்கிப் பிடித்தன. கண்கள் திறந்து தாயைப் பார்த்தன. வாய் திறந்தது.

கை தளர்ந்தது. தலை மறுபடி வயிற்றில் படிந்தது.

வாசலில் ஆட்டோ நின்றது. தனசேகரன் டார்ச்சோடு சொட்டச் சொட்ட உள்ளே வந்தான். காதைத் தீட்டிக் கேட்டான். முகம் மலர்ந்தது. "அடங்கிடுச்சே!" என்று அப்படியே தரையில் உட்கார்ந்து, தலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அப்படியே தூங்க வுடு. அசைக்காத. ஆட்டோவ அனுப்பிட்றேன்."

சுகன்யா வாயைத் திறந்தாள். மூடினாள். அவன் எழுந்து வாசலுக்குப் போனான். ஆட்டோ கிளம்பிப் போகும் சத்தம் மழையில் கரைந்தது. அவளுடைய கை மகளின் தலைமேல் இருந்தது.

அகல்யா நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். உள்ளே அது மறுபடி மேலே ஏறத் தொடங்கியது.